நோட்டு எண் 214-இன் முதல் பக்கம்

என் கடுகுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அப்பாவின் அக்கா உன் அத்தை, மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், படுக்கையில் யாரும் இல்லை, அதுவரைக்கும் நலம்தான். நீயும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பயம் பிடித்துவிட்டது, அதனால்தான் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். இதை ஏன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கூரியரில் அனுப்புகிறேன் என்று யோசிப்பாய். உன் வீட்டு வாசலில் இதை வாங்குகிறவர்கள் பிரிக்காமல் உன் கையில் கொடுப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நம் வீடும் ஒன்றும் ஒசத்தி இல்லை, நான் ஒரு துண்டுச் சீட்டில் பால்காரருக்குக் குறிப்பு எழுதினால்கூட அத்தை என்னம்மா எழுதறே என்று எட்டிப் பார்ப்பார். அதனால் ஆபீஸில், எடை பார்க்கும் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இந்த அறைக்கு ஏசி வரப்போகிறது என்று சொல்லி ஜன்னலை ஆணியடித்து மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஏசி வரவில்லை, ஆணி நன்றாக இருக்கிறது. முதுகெல்லாம் வேர்வை, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா நேரே சண்டைக்கு வந்துவிட்டாள் என்பாய். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், கண்டக்டர் வேலையில் முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றதன் மிச்சம், இப்போது வீட்டிலும் ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார், நீ பார்த்தால் சிரிப்பாய். அத்தைக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பார்வை முன்னைவிடக் கூர்மை, பாத்திரத்தின் அடியில் நான் எத்தனை கரண்டி விட்டு வைத்திருக்கிறேன் என்பது கூடத்திலிருந்தே தெரிகிறதாம். அவர் மகனுக்கு நாற்பத்தொரு வயது முடிந்தது, வெளியூரில் இன்னும் நல்ல வேலை தேடிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் வழுக்கி விழுந்து முறிந்த என் மணிக்கட்டு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு நாற்பத்தேழுதானா, எலும்புக்கு எழுபது ஆகுதே என்றார். வயசைக் குறைச்சுச் சொல்ல எனக்கு என்ன சினிமாவிலா வேலை என்று கேட்டேன். அவரும் சிரித்தார். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன், இப்போது சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் சொன்னாய், ஆறு மாதம் ஆகியும் ஸ்கேனில் குழந்தை மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லையாம், உனக்கும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறவில்லையாம். டாக்டர் உன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாராம், நீ நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றாயாம். நீ பிறந்தபோது என்ன எடை என்று கேட்டாராம், இரண்டு கிலோ நூறு என்றாயாம். உன் அம்மா உன்னைச் சுமந்தபோது என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதும் நீ பெருமையாக, அதுக்கு ரிக்கார்டே இருக்கு டாக்டர், எங்க அம்மா ஆராய்ச்சி நோட்டுல நாள் தவறாம எழுதினவங்க, தினம் பாலும் முட்டையும் சாப்பிட்டவங்க என்றாயாம். அப்படியானால் இது குடும்ப உடல்வாகு, கவலை வேண்டாம், எதற்கும் அந்த நோட்டின் நகலை வரவழைத்துப் பார்த்துவிடலாம், வியாழக்கிழமை வா என்று அனுப்பிவிட்டார். அவர் இங்கே எங்கள் பெரிய டாக்டருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அட, உங்க நோட்டுதானேக்கா, நீங்களே ஒரு நகல் எடுத்து முத்திரை போட்டு அனுப்பிடுங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எடுத்தேன். முத்திரை போட்டேன். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். நீ வியாழக்கிழமை போகும்போது அது டாக்டர் மேசையில் இருக்கும். அதில் இருப்பது பொய், கண்ணு. இருநூற்றுப் பதினான்காம் எண் நோட்டில் உன் அம்மா தன் கையால், அழகான கையெழுத்தில், முப்பது வாரத்துக்குப் பொய் எழுதியிருக்கிறாள்.

இந்த ஆராய்ச்சிக் கதை உனக்குத் தெரியும், ஆனால் நான் இதுவரைக்கும் உனக்குச் சொன்னது மேல்தோல்தான். எனக்கு இருபது வயது, நீ வயிற்றில் இரண்டு மாதம், அப்போது இந்த ஆபீஸ்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் என்ன சாப்பிடுகிறார்கள், அது பிறக்கிற பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுகிறது, அந்தப் பிள்ளை வளர்ந்து அதற்கும் பிள்ளை பிறக்கும்வரை பார்க்கப்போகிறோம் என்றார்கள். ஒரு தெருவுக்குச் சாப்பாட்டு நோட்டு மட்டும். அடுத்த தெருவுக்கு நோட்டோடு கூட வாரம் ஏழு முட்டை, ஒரு டப்பா பால்பவுடர். நாம் முட்டைத் தெரு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் என் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அளக்கிறதுக்குப் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று பிளாஸ்டிக் கிண்ணம். செவ்வாய்க்கிழமை முட்டை வந்தது. அத்தை கூடையை வாங்கி உள்ளே வைத்தார். அப்போது அவர் மகனுக்குப் பெரிய பரீட்சை, முட்டை தின்றால் மூளை வளரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாரத்தில் ஐந்து முட்டை மூளைக்குப் போனது, இரண்டு அப்பாவுக்கு, நின்று வேலை செய்கிறவர் என்று. மூளை இன்றுவரை வந்து சேரவில்லை. பால்பவுடர் எல்லாருடைய டீயிலும் கலந்தது. சின்னக் கிண்ணம் சோப்புத்தூள் அளக்கப் போய்விட்டது. அப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், பக்கத்தில் எந்தத் தட்டு காலியாக இருக்கிறது என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபப்பட்டிருப்பேன்.

முதல் வாரம் நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன். எழுதச் சொன்னார்கள், எழுதினேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கம். ஏழாம் நாள் அத்தை நோட்டை எடுத்துப் படித்தார். சத்தம் போடவில்லை, அவர் என்றைக்குமே சத்தம் போட்டதில்லை. வெளியாளுக்கு நம்ம வீட்டுத் தட்டைத் தூக்கிக் காட்டுவியா, நாளைக்கு நாலு பேர் படிச்சா உன் புருஷன் பொண்டாட்டிக்குச் சோறு போடாதவன்னு சொல்ல மாட்டாங்களா என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுதிக்கோ, பால் ஒரு டம்ளர், முட்டை ஒண்ணு, சோறு பெரிய கிண்ணம் ரெண்டு, பருப்பு நடுக்கிண்ணம் ஒண்ணு, கீரை, பழம் என்று சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்லும்போது அவர் முகம் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே எனக்குப் பரிமாறுகிற மாதிரி. அடுத்த நாளுக்கு நான் மேற்படி என்று எழுதினேன். அதற்கடுத்த நாளும் மேற்படி. முப்பது வாரம் மேற்படி சாப்பிட்டுத்தான் உன்னைப் பெற்றேன். நீ பிறந்ததும் அப்பா உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுக் கடுகு மாதிரி இருக்கே என்றார், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாமும் அதைச் செல்லம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் கூப்பிட்டுவிட்டோம்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா, ஒரு நாள்கூட விடாமல் எழுதிய நோட்டு என்று எனக்குக் கைதட்டினார்கள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எனக்கு இங்கே வேலை கொடுத்தார்கள். வீட்டை விட்டு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நான் வெளியே நிற்கிறேன் என்றால் அது இந்த வேலையால்தான், நீ படித்ததும் இதனால்தான். எனக்கு இருக்கிற ஒரே வாசல் அந்தப் பொய்யில்தான் திறந்தது, அதை எப்படி நான் இடிப்பேன். இதை எழுதுவதற்கு இருபத்தேழு வருஷம் ஏன் ஆனது என்று நீ கேட்டால் இதுதான் பதில், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இப்போது பழைய நோட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். நானூற்றுச் சொச்சம் நோட்டு, அந்துருண்டை வாசனை, சிலதில் எலி கடித்தது. ஒரு நோட்டை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். நான் ஒரு தடவை, கண்ணாடிக்காரி என்று நாங்கள் கூப்பிடும் புதுப்பெண் ஒரு தடவை. கம்ப்யூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்க்கும், ஒரு முட்டை வித்தியாசம் வந்தாலும் திருப்பி அனுப்பும், அப்போது தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் சரி. போன மாதம் இருநூற்றுப் பதினான்கு என் மேசைக்கு வந்தது. பத்து நிமிஷம் அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு உண்மையை அடித்தேன். முட்டை பூஜ்யம், பால் பூஜ்யம், சோறு நடுக்கிண்ணம் ஒன்று. மறுநாள் முழு நோட்டும் சிவப்பில் திரும்பி வந்தது. கண்ணாடிக்காரி என் நாற்காலிப் பக்கம் வந்து, என்னக்கா, வீட்டு ஞாபகமா, ஒரு வரிகூட ஒத்துவரல என்றாள். ஆமாம்மா, வீட்டு ஞாபகம்தான் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பொய்யாகத் திருத்தினேன். சரியானது என்று பச்சை வெளிச்சம் வந்தது. முதல் பக்கம் கிழிந்திருந்தது, தையல் நூலோடு ஒரு விரல் அகலத்துக்குத் தாளின் ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கம் இல்லாவிட்டால் 99 என்று அடிக்க வேண்டும். ஏழு தடவை 99 அடித்தேன். அந்த நோட்டில் உண்மையாக இருந்த ஒரே வாரம் அதுதான்.

அடிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருபத்திரண்டாம் வாரம் நான் ஏழு முட்டை எழுதியிருக்கிறேன். அந்த வாரம் வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம், எந்த வீட்டுக்கும் முட்டை வரவே இல்லை, ஆபீஸ் விநியோக நோட்டில் பெரிய எழுத்தில் இருக்கிறது. வராத முட்டையைத் தின்றிருக்கிறேன். அன்றிலிருந்து மற்ற நோட்டுகளிலும் அந்த வாரத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். முட்டைத் தெருவில் பாதிப் பேருக்கு மேல் அந்த வாரம் ஏழு முட்டை சாப்பிட்டிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் பிறந்ததும் இரண்டு தெருக் குழந்தைகளையும் எடை போட்டார்கள், ஒரே எடை. முட்டை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, இந்தப் பெண்களின் உடல்வாகே சின்னது என்று அறிக்கை எழுதி முட்டையை நிறுத்திவிட்டார்கள். நான் ஒருத்தி எழுதியதால் நின்றது என்று சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் பெரிய படிப்புப் படித்த அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட, கூடையை யார் வாங்கி உள்ளே வைக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றவில்லை. எங்களைச் சுண்டு விரல் வரைக்கும் அளந்தார்கள், சமையலறைக்குள் வரவில்லை. அந்த உடல்வாகு என்கிற வார்த்தையைத்தான் இன்றைக்கு உன் டாக்டர் உன்னிடம் சொல்லியிருக்கிறார். எங்கிருந்து கிளம்பியது எங்கே வந்து நிற்கிறது பார்.

இப்போதும் அப்படியேதான். எங்கள் பக்கத்துத் தெருவில் தையல்காரர் மனைவி, ஐந்து மாதம், இந்த வருஷக் கணக்கெடுப்பில் என் பொறுப்பு. நான் என்ன கேட்டாலும் அவள் மாமியார் பதில் சொல்வார். இவளுக்கு என்னக்கா, யானைத் தீனி என்பார். தனியாகக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது, விதி எழுதினவர்கள் வீட்டில் நிறைய அறை இருக்கும் போல. ஒரு நாள் கைச்சுற்றளவு எடுக்கிற சாக்கில் அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திக்கொண்டு மெல்லக் கேட்டேன். அவள் வாயைத் திறக்கவில்லை, டேப்புக்குள் இருந்த கையின் விரலை மட்டும் நீட்டினாள். ஒன்று. ஒரு நாளைக்கு நடுக்கிண்ணம் ஒன்று. எழுதிக்கொண்டு வந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் தம்பி நல்ல பையன்தான், அவர் தாளைப் பார்த்துவிட்டு, அக்கா, இவ்வளவு கம்மியாச் சாப்பிட்டு யாரும் நடமாட முடியாது, கம்ப்யூட்டர் ஏத்துக்காது, திரும்பப் போய்க் கேளுங்க என்றார். போனேன். மாமியார் வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து அந்தப் பெண், நிறையச் சாப்பிடறேங்கக்கா என்றாள். பெரிய கிண்ணம் இரண்டு என்று எழுதினேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. அத்தை சொல்லச் சொல்ல எழுதியது போய், இப்போது யாரும் சொல்லாமலேயே எழுதுகிறேன், அவ்வளவுதான் எனக்கு வந்த பதவி உயர்வு.

இருபது வருஷமாக இந்தக் கேள்வியை வீடு வீடாகக் கேட்கிறேன், கடுகு. ஒன்று கற்றுக்கொண்டேன். சாப்பிடுகிறவள் குறை சொல்வாள். உப்புப் போதவில்லை, பால் வாடை குமட்டுது, நேத்து கீரையில மண்ணு, புளிப்பாத் தின்னணும் போல இருக்கு என்று நீட்டி முழக்குவாள். சாப்பிடாதவள் ஒரே வார்த்தைதான் சொல்வாள், நிறைய. சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் தோழியின் டப்பாவில் இருந்ததைக்கூட மணம் வரைக்கும் சொல்வாய். இந்த மூன்று மாதமாக என்னடி சாப்பிட்டே என்றால் எல்லாம் சாப்பிட்டேம்மா, நிறையச் சாப்பிட்டேம்மா. உன் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது, எனக்குப் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது, சம்பந்தி அம்மா இருமுவது கேட்கிறது. போன முறை அவரே குறுக்கே வந்து, அளவாச் சாப்பிட்டாத்தான் குழந்தை அளவா இருக்கும், இல்லேன்னா கத்தி வைக்க வேண்டி வரும், நாங்களெல்லாம் அப்படித்தான் பெத்தோம் என்றார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். எனக்கு நானே அருவருப்பாக இருந்தது. அப்புறம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, நீ கடையிலிருந்து எட்டு மணிக்கு வருவதற்குள் பூனைக்குப் பயந்து சமையலறையைப் பூட்டிவிடுகிறார்கள் என்று. உங்கள் வீடு நாலாவது மாடி. லிஃப்டில் வருகிற பூனையா அது.

மாப்பிள்ளையைக் குற்றம் சொல்லவில்லை. அவரும் தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறவராக இருப்பார். ஆனால் அவரிடம் நீ சொல்ல வேண்டும், நான் உன் அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை. அவர் முகம் சுருங்குமே, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நாம் வருவதா என்று நினைக்காதே, அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் நான் வருவதா என்று நினைத்து நினைத்துத்தான் என் எலும்பு சல்லடையானது. பயிற்சியில் எங்களுக்கு ஒன்று சொன்னார்கள். பெண் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, நாளைக்கு அவள் பெறப்போகிற குழந்தைக்கான வித்தும் அவளுக்குள்ளே உருவாகிவிடுகிறதாம். அப்படிப் பார்த்தால் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் அந்த வீட்டில் என்னோடு பசியாக இருந்திருக்கிறது. மூன்று பேர் சாப்பாட்டை ஒரு பரீட்சைக்குக் கொடுத்திருக்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே, நீ சாப்பிடு என்று சொல்கிறவள் இப்படி எழுதக்கூடாது, இப்போது இறங்குகிறது.

இனி நீ செய்ய வேண்டியது. வியாழக்கிழமை டாக்டர் அறைக்குள் தனியாகப் போ. துணைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் வெளியே உட்காரச் சொல்லும்படி நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவை, அவர்களுக்கு இதெல்லாம் பழக்கம், உன்னை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். என் நோட்டின் நகலை டாக்டர் எடுத்தால், இருபத்திரண்டாம் வாரத்தைக் காட்டி, இந்த வாரம் முட்டையே வரல, ஆபீஸ் விநியோக நோட்டுல இருக்கு, எங்க அம்மா எழுதினது பொய், அம்மாவே எழுதி ஒத்துக்கிட்டாங்க என்று சொல். இந்தக் கடிதத்தையும் காட்டு. உடல்வாகு இல்லை, டாக்டர், பசி என்று சொல். அவர் இங்கே எழுதிக் கேட்பார், பெரிய டாக்டர் என்னைக் கூப்பிடுவார், நான் ஆமாம் என்பேன். வேலை போகும், வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும், அத்தைக்கு முன்னால் நாள் முழுக்க. அதை நினைத்தால் இந்த ஆணி அடித்த ஜன்னல்கூட நல்லது என்று தோன்றுகிறது. நானாகப் போய் இன்றைக்கே பெரிய டாக்டரிடம் சொல்லிவிடலாம், அவர் அறை பத்தடி தூரம். நேற்று கதவு வரைக்கும் போனேன். எடை மெஷினுக்குப் புது பேட்டரி வேண்டும் சார் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். உனக்குத் தைரியம் சொல்கிறவள் இவ்வளவுதான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் நீ சொன்ன பிறகு மறுக்க மாட்டேன், அது நிச்சயம். உனக்கும் அதே பத்தடிதான். வித்தியாசம், உனக்கு இன்னும் மூன்று மாதம் கையில் இருக்கிறது, எனக்கு முடிந்துபோனது.

கடைக்குப் போகும் வழியில் ரொட்டி, முட்டை, பழம் வாங்கி உன் மேசை டிராயரில் வை. பூட்டு உன்னுடையதாக இருக்கட்டும். யாராவது கேட்டால் பூனைக்கு என்று சொல்.

அந்தக் கிழிந்த பக்கம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. செவ்வாய்க்கிழமை. காலை, பால் இல்லாத டீ ஒரு டம்ளர். மதியம், அடிப்பிடித்த சோறு நடுக்கிண்ணம் ஒன்று, பருப்புத் தண்ணீர். சாயங்காலம், ஒன்றுமில்லை. ராத்திரி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு பாதி ரொட்டி. முட்டை, இல்லை. அந்த நோட்டில் சாப்பிட்டதற்கு மட்டும்தான் கட்டம் இருந்தது. நான் ஸ்கேல் வைத்துக் கடைசியில் ஒரு கோடு போட்டு, பசி என்று தலைப்பு எழுதி, ஒரு கட்டம் நானாகச் சேர்த்திருந்தேன். ஏழு நாளும் அதில் ஆமாம், ஆமாம் என்று எழுதியிருந்தேன். அத்தை கிழித்தது சோற்றைப் பார்த்து இல்லை, அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். இந்தக் கவரில் உனக்கு இரண்டு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன், ஆபீஸ் தாள்தான், கோடெல்லாம் நானே போட்டது, கடைசிக் கட்டமும் இருக்கிறது. யாரும் பக்கத்தில் இல்லாதபோது நிரப்பு. ஒன்றை டாக்டரிடம் கொடு, இன்னொன்றைப் படம் எடுக்காமல், போனில் சொல்லாமல், தபாலில் ஆபீஸ் முகவரிக்கு எனக்கு அனுப்பு. ஒரு விரல் நீட்டினாலும் போதும், எனக்குப் புரியும்.

நீயும் குட்டியும் உடம்பில் சதை பிடித்து, வாயில் குறை நிறைந்து, இது நல்லா இல்லை அது நல்லா இல்லை என்று எனக்குப் போன் பண்ணிச் சலித்துக்கொள்ளும் நாள் சீக்கிரம் வரட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசி. சம்பந்தி அம்மாவை விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம், கடிதம் வந்தது தெரிந்துவிடும். மறந்துவிடாதே, வியாழக்கிழமை, தனியாக. கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பு.

உன் அம்மா
நோட்டு எண் 214